வேப்பந்தட்டைக்குப் போன துணிப்பை

ஃபைஸா,

நீ அக்கா வீட்டிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டேன். சாவி மீட்டர் பெட்டியின் மேல் இருக்கிறது. சோற்றுக்கு ஆணத்தைச் சுடவைத்திருக்கிறேன். கோபத்தோடாவது சாப்பிட்டுவிடு.

பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவரைப் போனில் பிடித்துவிட்டேன். ஊர் வேப்பந்தட்டை. நம் பிள்ளை ருமைசாவின் தொழுகை விரிப்புக்கு ஓரம் தைக்க நீ சேர்த்து வைத்த நிக்காஹ் துணி வெட்டு, சரிகை, மணி எல்லாம் பையோடு அவர் வீட்டில்தான் இருக்கிறதாம். வெறும் கழிசல் என்று நினைத்து அவரிடம் போட்டு, ஒரு பேசினும் அதற்கு மேல் பேரம் பேசி ஒரு மூடியும் வாங்கினேனே, அந்தப் பெருமையில் மண் விழ. "அடுத்து என்னையும் போட்டு ஒரு குக்கர் வாங்கிடுங்க" என்று நீ நேற்றுச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். "பை இருக்கு பாய். எம் பொண்டாட்டி பிரிச்சுப் பாத்துட்டா. பொம்மைக்குச் சட்டை தைக்கணும்னு மடியிலயே வச்சிருக்கா" என்கிறார்.

வேண்டும் என்று முகத்தில் காட்டினால் விலை ஏறும் என்பதை அத்தா கடையில் படித்தவன் நான். வெள்ளிக்கிழமை பிள்ளை துபாய்க்குக் கிளம்புகிறாள். பஸ் வரும்வரை உட்கார முடியாமல் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடக்கிறேன். இந்த முகத்தை எங்கே ஒளிப்பது?

பேசினில் ஊறிய உன் துணியை வாளிக்கு மாற்றிவிட்டேன். பேசினும் மூடியும் என்னோடு வருகின்றன.

இன்னொன்று: அந்தம்மாவிடம் என் பேரம் செல்லாது. தர மறுத்தால் உனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுவேன். எடுத்துவிடு, ஃபைஸா. என்னோடு பேச வேண்டாம், அவரோடு பேசினால் போதும்.