அம்மா நிறுத்திவிட்ட மாத்திரை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது முழு உண்மை இல்லை, ஆனால் நீ பயப்படும்படியும் இல்லை. நீ உடம்பும் மனசும் சுகமாக இருக்கிறாயா என்பதுதான் என் கவலை. போன ஞாயிறு பேச்சோடு பேச்சாக, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுப்பா, ரூம்ல கூட இருக்கிற பொண்ணு அவ மாத்திரையில ஒண்ணு குடுத்தா, நல்லா தூக்கம் வந்துச்சு என்றாய். இனி அதைப் போடாதே என்றேன், ஏன் என்று கேட்டாய், அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடையில் ரிப்பேருக்கு வந்த ஒரு ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு எந்தத் திருகு எங்கே என்று தெரியாமல் முழிக்கிறேன்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த உன் அம்மாவுக்கு, சில மாதமாக சிக்னலில் நின்றாலே கை வியர்த்து மூச்சு முட்டியது. மாரடைப்போ என்று ஓடினோம். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, இது பதற்றம் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார். போட்டவுடனே கேக்காது, சில வாரம் ஆகும், ஆரம்பத்துல குமட்டும், படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடும், தலை சுத்தினா வண்டி எடுக்காதீங்க, நீங்களா நிறுத்திடாதீங்க என்று படித்துப் படித்துச் சொன்னார். அம்மாவும் ஒழுங்காகத்தான் போட்டாள், தேறினாள், பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்தாள், அதைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து உன் அத்தை வந்து, இதெல்லாம் பைத்தியத்துக்குக் குடுக்கிறது அண்ணி, பழகிட்டா விடாது என்று காதில் போட, என்னிடம் கூடச் சொல்லாமல் ஒரேயடியாக நிறுத்திவிட்டாள்.

அப்புறம் பட்ட பாட்டைக் கேட்காதே. தலைக்குள் சுரீர் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது என்றாள், எரிந்து விழுந்தாள், அழுதாள். ஒரு காலையில் புதிதாகக் கற்கும் பெண் ஓட்டிக்கொண்டிருக்க, பாலத்து வளைவில் அம்மா பதறித் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போனது. அந்தப் பெண்தான் போன் செய்து, சார், டீச்சர் இறங்கவே மாட்டேங்கிறாங்க, ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்காங்க என்றாள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. பைத்தியமும் இல்ல ஒண்ணும் இல்ல, திடீர்னு நிறுத்தினதால உடம்பு தடுமாறுது, வேணாம்னா சொல்லுங்க, மெல்ல மெல்லக் குறைப்போம் என்றார். நீ பேசிய மறுநாள் உன் விஷயத்தையும் அவரிடம் போய்க் கேட்டேன். உடனே தூக்கம் வருதுன்னா அது வேற வகையா இருக்கலாம், சிலது சீக்கிரம் பழகிப்போயிடும், ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தர் போடவே கூடாது, அங்கேயே ஒரு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க என்றார்.

அம்மா மறுபடி மாத்திரை போடுகிறாள், வண்டி இன்னும் எடுக்கவில்லை. அறைக்கு அறை நடக்கிறாள், நான் அவள் பின்னாலேயே நடக்கிறேன். உனக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள், நீ போனில் சொன்னதைக் கேட்டதும் தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பிறகு, ஒண்ணு விடாம எழுதுங்க, அம்மாவே போடுறான்னு தெரிஞ்சா டாக்டர்கிட்ட போக அவளுக்கு வெக்கமா இருக்காது என்றாள்.

நீ நிம்மதியாக, நிறைவாக வாழ வேண்டும் மகளே. டாக்டரைப் பார்க்கிற அன்று உள்ளே போகுமுன் அம்மாவைக் கூப்பிடு. போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அப்பா