அப்பா செத்தது சந்தையில் அல்ல

சண்டைப் படத்துக்குக் கிளம்பும் நாளில் மட்டும் செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் என் அப்பாவுக்கு,

ஆடியில் போனீர்கள், இப்போது மாசி. கிணற்று மோட்டார் மறுபடி எரிந்துபோய், புதுக் கம்பி சுற்றி வந்திருக்கிறது. செவலைக் காளையை அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். கோபமாக இருக்கிறாள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் செருகப் போவதில்லை. பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களைப் பற்றி ஒரு பொய் நாலு ஊரில் நடமாடுகிறது, அப்பா. அதை அடுப்படியில் நின்று முணுமுணுத்துத் திருத்த முடியாது.

ஆகவே முதலில் உண்மை. வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் காடு வைத்து வெள்ளாமை செய்து பிழைத்த என் அப்பா, கோயமுத்தூரில் ஒரு தியேட்டரில், மேட்னி ஷோவில், இடைவேளைக்குப் பிறகு, இங்கிலீஷ் சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறந்துபோனார். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். அவர் மாட்டுச் சந்தையில் இறக்கவில்லை.

நீங்கள் என்னைப் படத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்ததே டிக்கெட்டுக்காகத்தான். ஆண்கள் வரிசை தெருமுனை வரை நிற்கும். பெண்கள் வரிசையில் பத்துப் பேர் இருக்கமாட்டார்கள். "போ அம்மிணி, ரெண்டு டிக்கெட்டு" என்று என் கையில் சில்லறையைத் திணித்துவிட்டு, யாரோ அந்நியர் மாதிரி தூரமாகப் போய் நின்றுகொள்வீர்கள். அப்போது எனக்கு அரைப்பாவாடை வயசு. பிறகு பாலக்காட்டுச் சித்தூரில் காலேஜுக்குப் போய் நாலு வார்த்தை இங்கிலீஷ் கற்றதும் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது.

"அந்தத் தொப்பிக்காரன் என்ன சொல்றான்?"

"கூட்டாளிய ஜெயில்ல இருந்து விடோணுமாமுங்கப்பா. இல்லாட்டி பாலத்துக்கு வெடி வெச்சுருவானாம்."

"விடாதீங்கடா" என்பீர்கள், திரையைப் பார்த்து, அந்த தேசத்து அரசாங்கம் உங்களிடம் யோசனை கேட்டது போல.

முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். நீங்கள் கவலைப்படமாட்டீர்கள். இடைவேளையில், துண்டில் முடிந்து கொண்டுவந்த வறுத்த கடலையைப் பிரித்து வைத்துக்கொண்டு, யார் கொலைகாரன் என்று எனக்குச் சொல்லுவீர்கள். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். ஒரு தடவை ஹோட்டல் சமையல்காரன்தான் என்று அடித்துச் சொன்னீர்கள். பாவம், அந்த ஆள் கடைசிவரை சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தான். திரும்பி வரும் பஸ்ஸில், செக்போஸ்ட் தாண்டும்வரை நீங்கள் விடவில்லை. "அவனும் கூட்டுத்தான் கண்ணு. படம் எடுத்தவனுக்கு அது தெரியல."

அம்மாவுக்கு அந்தப் படங்கள் ஆகாது. "வெட்டுறதும் குத்துறதும். சாமி படம் வந்தா கூட்டிட்டுப் போறாரா?" என்பாள். அழுகைப் படம் என்றால் நீங்கள் பீடி குடிக்க வெளியே போய்விடுவீர்கள். ஆனால் குண்டடிபட்ட சிநேகிதனை நாயகன் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும்போது உங்களுக்கு மட்டும் திடீரென்று சளி பிடித்துக்கொள்ளும்.

அந்தத் தியேட்டரில் விளக்குப் போட்டதும் சுற்றிப் பார்ப்பேன். மில் ஷிப்டு முடித்து வந்தவர்கள், குமாஸ்தாக்கள், உங்களைப் போல் பஸ் ஏறி வந்த குடியானவர்கள். பாதிக்கு மேல் யாரோ ஒருத்தியின் அப்பா. அப்பாமார்களுக்கெல்லாம் ஏன் இந்தப் படங்கள் பிடிக்கின்றன? உங்களிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் "சத்தம் நல்லாருக்கும்" என்று சொல்லியிருப்பீர்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லட்டுமா? மழை வருமா, வாய்க்காலில் தண்ணீர் விடுவார்களா, கரண்ட் எப்போது வரும், வில்லேஜ் ஆபீசில் அந்தக் கையெழுத்து விழுமா? இதில் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லை, ஒன்றும் முடிவதும் இல்லை. தியேட்டரில் ஒரு மனிதன் எழுந்தான், ஓடினான், அடித்தான். சாயங்காலப் பஸ்ஸுக்கு முன்னால் காரியம் முடிந்தது. அதை ஒருவர் மாதம் ஒருமுறை காசு கொடுத்துப் பார்த்தால் என்ன தப்பு?

நான் தடித்தடியான நாவல்களாகப் படிக்கிறேன். ருஷ்ய நாட்டு நாவல், பிரெஞ்சு நாவல், நம்முடையவை. ஊரில் அதற்கு மரியாதை உண்டு. "படிக்கற புள்ள" என்று பெயர். அந்தப் புத்தகங்களில் எத்தனை கொலை, எத்தனை துரோகம் என்று இவர்களுக்குத் தெரியுமா? அட்டை போட்டிருந்தால் அது அறிவு. துணித்திரையில் ஓடினால் அது சீரழிவு. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் என்னையும் பார்த்துச் சிரித்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அன்றைக்கு மலைப்பாதையில் இரண்டு கார்கள் துரத்திக்கொண்டிருந்தன. "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று நீங்கள் வழக்கம்போல முணுமுணுத்தீர்கள். பிறகு முணுமுணுப்பு நின்றது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். நீங்கள் படத்தில் தூங்குகிறவர் இல்லை. டார்ச் அடித்தார்கள், அடுத்த நாற்காலிக்காரர், மில் தொழிலாளி, உங்களை ஒரு குழந்தையைப் போல் ஏந்தி வெளியே கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கை நாடியைப் பிடித்துவிட்டு என்னிடம், "கூட ஆம்பளைங்க ஆரும் வரலியா?" என்று மட்டும் கேட்டார்.

டாக்சி வீட்டு வாசலில் நின்றபோது ஊரே கூடிவிட்டது. விருந்தாளியாக வந்திருந்த அம்மாவின் அண்ணன், நம் பெரிய மாமா, கதவைத் திறந்து என் காதில் கேட்டார். "எங்க உழுந்தாரு?"

"தியேட்டர்லீங்க மாமா."

"மெல்லப் பேசு. ஒரு குடியானவன் சாகற எடமா அது?" சொல்லிவிட்டுத் திரும்பி, கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "மாடு பாக்க வேலந்தாவளம் சந்தைக்குப் போனாருங்க. அங்கயே சாஞ்சுட்டாரு."

மாமா வெளியூர்க்காரர். அன்றைக்குச் சந்தை கூடாத நாள் என்று அவருக்குத் தெரியாது. கூட்டத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். ஆனால் பிணத்தை வைத்துக்கொண்டு யார் திருத்துவார்கள்? தலையை ஆட்டினார்கள். "சந்தையிலயா, அடக் கடவுளே" என்றார்கள். இழவுக்கு வந்தவர்களிடம் அவர்களே சொல்லவும் ஆரம்பித்தார்கள். கருமாதி முடிவதற்குள் நீங்கள் பேரம் பேசிய மாட்டுக்கு நிறமும் சுழியும்கூட வந்துவிட்டது.

நான் மறுக்கும்போதெல்லாம் அம்மா என் கையைப் பிடித்து அழுத்துவாள். "உடு கண்ணு. போனவருக்கு எங்க செத்தா என்ன?" எனக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்பது அவள் பயம். தகப்பன் போனால் வருஷத்துக்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று மாமா வேறு நெருக்கிக்கொண்டிருந்தார்.

தை பிறந்ததும் கோவிந்தாபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கஞ்சிக்கோட்டில் பாக்டரி வேலை. அவருடைய அப்பா மாட்டுப் பண்ணையம் வைத்திருக்கிறவர். காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஆடியில தவறுனாருன்னு கேள்விப்பட்டனுங்க. என்னைக்குங்க?" என்று கேட்டார். அம்மா தேதியையும் கிழமையையும் சொன்னாள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு வேலந்தாவளத்துல சந்தையே இல்லீங்களே. நா ஒரு சந்தையும் தப்ப உடறதில்லீங்க."

"அது, பொங்கலுக்கு முன்னால கூடற பெரிய சந்தைங்க" என்றார் மாமா.

"ஆடி மாசத்துல பொங்கச் சந்தைங்களா?"

மாமாவின் முகத்தைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. குற்றவாளி மாட்டிக்கொள்ளும் இடம் அது. தியேட்டராக இருந்தால் குஷியில் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்திருப்பீர்கள்.

நான் நடையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வந்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னேன். "சந்தை இல்லீங்க. கோயமுத்தூர்ல, தியேட்டர்ல. சண்டைப் படம் பாத்துட்டிருந்தப்பத்தான் போனாருங்க. நானும் பக்கத்துல இருந்தனுங்க."

மாப்பிள்ளையின் அம்மா, "பொம்பளப் புள்ளயுமா சண்டைப் படம் பாக்குது?" என்றார்.

"பாக்குமுங்க."

"எந்தப் படமுங்க?" என்று கேட்டது மாப்பிள்ளை. அவருடைய அம்மா பார்த்த பார்வையில் அவர் தலை காப்பித் தம்ளருக்குள் போனது.

அவர்கள் மறுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. மூன்றாம் நாள் மாமா சிரித்த முகத்தோடு வந்தார். பெண் பிடித்திருக்கிறதாம். கல்யாணத்துக்கு அப்புறம் படம் கிடம் என்று போகக் கூடாதாம். அப்பா விஷயம் மட்டும் அவர்கள் சொந்தத்தில் யாராவது கேட்டால் சந்தை என்றே சொல்லிக்கொள்ளலாமாம்.

"ஆனா கெழம ஒதைக்குதுல்ல" என்றார் மாமா. "அதனால செத்த நாளை சந்தை நாளா மாத்திக்கலாமுன்னு மாப்ளயோட அப்பாவே யோசன சொல்லிட்டாரு. தங்கமான மனுசன். வருச திதியும் அதுக்கேத்தாப்பல முன்ன பின்ன வெச்சுக்கலாம்."

முதலில் நீங்கள் செத்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். இப்போது நாள் வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்தாள்.

"என்ன சொன்னீங்கண்ணா?"

"நாளை மட்டும் கொஞ்சம்..."

"நா தாலியறுத்த நாளை மாத்தறதுக்கு அவிய ஆரு? நீங்கதான் ஆரு? எந்த எடமுன்னு என்னமோ சொன்னீங்க, புள்ள வாழ்வுக்காக வாய மூடிட்டு இருந்தன். அன்னைக்குக் காலையில அவருக்குச் சோறு போட்டது நானு. 'நேரத்தோட வந்தர்றன்'னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாரு. அந்த நாளை எடுத்துப் போட்டுட்டு வேற நாளைக் குடுப்பாங்களா?"

"கத்தாத தாயி. புள்ளைக்கு வயசாகுது."

"ஆகட்டும்."

அம்மா உங்கள் படங்களைக் கடைசிவரை மன்னிக்கவில்லை, அப்பா. இப்போதும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பெரிய மாமா காப்பி குடிக்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். கோவிந்தாபுரத்துக்கு அம்மாவே ஆள் விட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் இன்னொரு வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் வாசல் தெளித்த ஈரத்தில் கால் வைத்து, படியேறுவதற்குள்ளேயே அம்மா எதிரே போய் நின்றாள். தலையில் முக்காடு, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"வாங்க. ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. எங்கூட்டுக்காரரு கோயமுத்தூர்ல சினிமா தியேட்டர்ல செத்தாருங்க. சண்டைப் படம். ஆடி மாசம். எம்புள்ளதான் கூட இருந்து ஊட்டுக்குக் கொண்டாந்து சேத்துச்சு. கேட்டுக்கிட்டீங்கள்ல? இப்ப உள்ள வந்து உக்காருங்க, காப்பி குடிங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். சம்மதமா இல்லையா என்று இன்னும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லாமலே போகட்டும், எனக்கு அவசரம் இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. நீங்கள் பிரியப்பட்ட இடத்தில், பிரியப்பட்டதைப் பார்த்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போனீர்கள். அந்த இடத்தையும் அந்த நாளையும் கல்யாணத்துக்காகவோ மரியாதைக்காகவோ யாருக்கும் விட்டுத்தரமாட்டேன். வருகிற ஆடியில் அதே நாளில்தான் உங்களுக்குப் படையல். வருகிறவர்களிடம் நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன். எனக்கு வாய் வராவிட்டால் அம்மா சொல்லுவாள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்ததும் இளையதுமான ஒரே மகள்