ஜுனுவின் தமிழ்

தங்கச்சிமடம்
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்புத் தங்கை ஜெப்சிக்கு,

அந்தோணியார் உன்னையும் உன் வேலையையும் காப்பாராக. உன் அக்கா லீமாரோஸ் எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் கேட்கவில்லை. போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். நான் அனுப்பும் குட்மார்னிங் பூக்களெல்லாம் பார்ப்பாரில்லாமல் வாடிக்கிடக்கின்றன. ஆகவே, பள்ளிக்கூடத்தோடு விட்ட பேனாவைத் திரும்பப் பிடித்திருக்கிறேன். நூர் நிஷாவின் மகன் லீவு முடிந்து புதன்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறான். நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். கடிதம் நாறினால் கருவாட்டைக் குறை சொல்லாதே, எழுதியவளைச் சொல்.

வீட்டில் உன் மச்சான் டென்னிஸ் கடலுக்குப் போகிறார், வருகிறார். பிடிக்கிற மீன் டீசலுக்கே சரியாகப் போய்விடுகிறதாம். எனக்கு வேலை போன முதல் வாரம், மூன்று வேளையும் சுடுசோறு கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டார். சோற்றோடு மூன்று வேளையும் என் பேச்சும் கிடைக்கிறது என்று புரிந்ததும், வலை பின்ன வேண்டும் என்று சொல்லிக் கரைக்கு ஓடிவிடுகிறார். அங்கே வலையும் இல்லை, பின்னலும் இல்லை, சீட்டாட்டம்தான் நடக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இறால் கம்பெனி மூடிய கதை உனக்குத் தெரியும். அமெரிக்காவில் நம் இறாலுக்கு வரியை ஏற்றிவிட்டார்கள், ஆர்டர் இல்லை, நாளை முதல் வேன் வராது என்று போனில் சொன்னதோடு சரி. இத்தனை வருஷம் ஐஸ் தண்ணீரில் நின்று இறால் உரித்ததற்கு அந்த ஒரு போன்தான் மாலை மரியாதை. அதற்குப் பிறகுதான் அந்த டிவிக்காரர்கள் நம் ஊருக்கு வந்தார்கள். நீ போனை எடுக்காமல் போனதற்குக் காரணமான அந்த விவாதத்துக்கு வருகிறேன். சுற்றி வளைப்பதாக நினைக்காதே. நேராக வர எனக்குக் கால் கூசுகிறது.

சந்தைத் திடலில் பந்தல் போட்டார்கள். வேலை போனவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கலாமா, கூடாதா என்பது பேச்சு. ஒரு கட்சிக்காரர், வரிக்கு டெல்லிதான் காரணம், பணம் கொடுத்தே தீர வேண்டும் என்றார். இன்னொரு கட்சிக்காரர், சும்மா பணம் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்றார். அவர் கையில் மூன்று மோதிரம். எங்கள் கையில் ஐஸ் புண். எங்களைப் பார்த்துத்தான் சோம்பேறியாகிவிடுவோம் என்று அந்த மனிதர் விசனப்பட்டார். மேடையில் பாம்பும் கீரியுமாக நின்ற இரண்டு பேரும், முடிந்ததும் ஒரே காரில் ஏறி சீலா மீன் வறுவல் சாப்பிடப் போனார்கள் என்பது தனிக்கதை.

ஜனங்கள் கருத்துச் சொல்லலாம் என்று மைக்கை நீட்டியபோது, பெண்களெல்லாம் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். மோதிரக்காரருக்குப் பதில் சொல்லத்தான் எழுந்தேன் ஜெப்சி, சத்தியமாக. வரியைப் பற்றி ஒரு கேலி சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அமெரிக்காவை யார் கண்டது? பார்க்காத ஆளை வைத்து எப்படிச் சிரிப்பது? எல்லோருக்கும் தெரிந்தவள் ஜுனுதான். ஒடிசாவிலிருந்து வந்து எங்களோடு இறால் உரித்த பெண்களில் ஒருத்தி. கம்பெனி விடுதியை மூடியதும், நம் தெருவில் தனுஷ்கோடி அண்ணன் வீட்டுப் பின்கட்டில் அவர்களெல்லாம் வாடகைக்கு இருந்தார்கள்.

நான் மைக்கில் சொன்னதை நீ பார்த்துவிட்டாய். ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். “அமெரிக்காக்காரன் எங்கய்யா வந்தான்? எங்க வேலையத் தின்னவளுக எங்க வேன்லதான் ஏறி வந்தாளுக” என்றேன். கூட்டம் நிமிர்ந்தது. உடனே ஜுனு மாதிரி தலையைச் சாய்த்து, “அக்கா, நான் தண்ணி தின்னாச்சு, சோறு குடிச்சாச்சு, நேத்து வாரேன்” என்று பேசிக்காட்டினேன். பந்தலே அதிர்ந்தது. மோதிரக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தத் தமிழை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? நான்தான். குளிரில் என் விரல் மடங்காத நாட்களில், எடை போடுகிறவர் வருவதற்குள் தன் இறாலை அள்ளி என் தட்டில் போட்டவள் அவள். அவளும் எங்களைப் போல அதே காலையில்தான் வேலையை இழந்தாள். யார் வேலையையும் அவள் தின்னவில்லை. அது மைக்கைப் பிடிக்கும்போதே எனக்குத் தெரியும்.

மறுநாள் உன் குரல்பதிவு வந்தது. “அக்கா, டிவில பாத்தேன். இங்க மேடம் வீட்டுப் பிள்ளைக என்னைய மாதிரி அரபி பேசிக்காட்டிச் சிரிக்கும்க. அச்சு அசல் அப்படியே இருந்துச்சு.” அவ்வளவுதான். நீ திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தப் பிள்ளைகள் அப்படிச் செய்வதை இத்தனை வருஷத்தில் நீ ஒருமுறைகூட எங்களிடம் சொன்னதில்லை. மேடம் தங்கமான மனுஷி, பிள்ளைகள் பாசமாக இருக்கும்க என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய்?

அந்த வாரமே தெருப் பையன்கள் பின்கட்டு வாசலில் நின்று நான் பேசியதைப் பேசிக் கூச்சல் போட்டார்கள். தனுஷ்கோடி அண்ணன், வம்பு வேண்டாம், காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

பிறகு உதவித்தொகை விஷயமாகத் தொழிலாளர் அதிகாரி விசாரிக்க வந்தார். கம்பெனியில் வெளிமாநிலப் பெண்கள் யாராவது வேலை பார்த்தார்களா, இருந்தால் அவர்களுக்கும் பணம் உண்டு என்று கேட்டார். கம்பெனி ஆள், அப்படி யாரும் இல்லை என்றான். யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள் என்று அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. சாவு வீட்டில்கூட வாயை மூடத் தெரியாதவள் என்று என்னை நீயே சொல்வாய். மூடத் தெரிந்திருக்கிறது பார்.

நேற்று பஸ் ஏறி சாயல்குடிப் பக்கம் போய்வந்தேன். அங்கே உப்பளத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜுனு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். நண்டுக் குழம்பு கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, கண் எரிகிறதா என்று நான் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். கூட நின்ற பெண்ணிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண்தான் தமிழில், வெயில் ஏறுது, நீங்க போங்க என்றாள். ஓயாமல் அக்கா, அக்கா என்று என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் ஜெப்சி. நான் திரும்பி வரும்வரை ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை.

வியாழக்கிழமை ராமநாதபுரத்தில் மறு விசாரணை. அவர்கள் எங்களோடு வேலை பார்த்தவர்கள்தான் என்று ஒவ்வொருத்தி பெயராகச் சொல்லப்போகிறேன். அவர்களையும் சேர்த்தால் நமக்கு வருவது குறையும் என்று தெருப் பெண்கள் முறைக்கிறார்கள். நேற்றே குழாயடியில் என் குடத்துக்கு இடம் விடவில்லை. உன் மச்சானிடம் சொன்னேன். “போய்ச் சொல்லிட்டு வா. ஆனா சிரிக்க வைக்காத” என்றார். இந்த மனிதருக்கு எப்போதாவதுதான் புத்தி வரும், வரும்போது சரியாக வருகிறது.

நீ இதைப் படிக்கும்போது வியாழன் போயிருக்கும். அதிகாரியிடம் சொல்வது எனக்குப் பெரிய பாடு இல்லை. ஜுனுவிடம் போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன், அதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். இதை வேறு யாரிடமும் நான் கேட்க முடியாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்றைக்காவது உன் முன்னால் வந்து நின்றால், என்ன சொன்னால் உனக்கு மனசு ஆறும்? என்னோடு பேச வேண்டாம். அதை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு. நான் அதை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பவும் சாயல்குடிக்குப் போகிறேன்.

யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரு நாளை மாதா உனக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
லீமாரோஸ்