ஆணியில் இல்லாத வயர்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா வீட்டுக்காரரின் வேனில் ஏசி கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறதாம். வியாழக்கிழமை குடும்பத்தோடு மலைக்குப் போகிறார்கள். "வீட்லயே மெக்கானிக்கம்மா இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்கிறார் மாமா. கல்யாணமான நாளிலிருந்து இதே கேலி. எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 5, வியாழன். காலை 11.40

ஆணி காலியாக இருக்கிறது.

சோதித்துப் பார்க்க இணைக்கும் சிவப்பு வயர் தொங்கும் ஆணி அது; வயரை எடுப்பவர் அந்த ஆணியில் வண்டிச் சாவியை மாட்ட வேண்டும். வயர் திரும்பி வந்தால்தான் சாவி வெளியே போகும். எங்கள் பட்டறையில் இதுதான் சட்டம். மாமாதானே என்று சாவியை வாங்காமல் விட்டேன்.

காலையில் பிரஷர் சென்சார் மீது சந்தேகப்பட்டு, அதன் சாக்கெட்டைக் கழற்றி வயரால் இணைத்துப் பார்த்தேன். கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது. அதற்குள் முதலாளி கூப்பிட்டார். வயரைக் கழற்றாமலே பானெட்டை மூடினேன். போய்ட்டு வாங்க மாமா என்றும் சொன்னேன். வேனிலிருந்து அக்காவின் பாப்பா கையாட்டினாள்.

கேஸ் அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது அந்த சென்சார்தான். இப்போது சொல்ல ஆளில்லை. ஒருவேளை சென்சார் சரியாக இருந்து, கேஸைக் குளிர்விக்கும் முன்னாலுள்ள ஃபேன்தான் ஓடாமல் அழுத்தம் ஏறியிருந்தால்? ஏன் ஃபேனைப் பார்க்கவில்லை நான்?

12.05

ஃபோனை அக்கா எடுத்தாள். ஸ்பீக்கரில் மாமா சிரிக்கும் சத்தம். "ஜில்லுனு இருக்குடி. பாப்பா தூங்கிட்டா."

சொல்லவில்லை. சரிக்கா என்று வைத்துவிட்டேன். என்ன மனுஷி நான்?

12.20

சொல்லிடணும். லைன் போகலை. மலை ஏறிட்டாங்க போல.

2.00

பதினேழு தடவை கூப்பிட்டாச்சு. இன்னும் லைன் கிடைக்கலை. பானெட்டைத் திறந்து குனிஞ்சு பார்க்காதீங்க மாமா, அது மட்டும் வேண்டாம்.

4.50

அக்கா கூப்பிட்டாள். ஏற்றத்தில் டமார் என்று சத்தம், வெள்ளைப் புகை. மாமா இறங்கி பானெட்டைத் திறந்திருக்கிறார். வெடித்த ரப்பர் ஓஸிலிருந்து மிச்ச கேஸ் சீறி வலது கையில் அடித்திருக்கிறது. முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. தோல் வெளுத்துக் கொப்பளித்துவிட்டதாம். "ஓஸ் பழசு, உன் மேல தப்பில்லைன்னு உன் மாமாவே சொல்றார், அழாதடி."

அதற்குத்தான் அழுதேன்.

மார்ச் 7, சனி

இழுத்து வந்த வேனைத் திறந்தேன். ஃபேன் மோட்டார் செத்திருக்கிறது. சென்சாரில் ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னதன் வாயைத்தான் நான் அடைத்திருக்கிறேன்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "வயரை மறந்தது சரிம்மா. மனுஷன் மறப்பான். ஃபோன் பண்ணியே, அப்ப ஏன் சொல்லலை?"



மார்ச் 24, செவ்வாய்

புது ஃபேன் போட்ட வேனை எடுத்துப்போக மாமா வந்தார். கேலி எதுவும் இல்லை. சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. ஆணி அருகே போய், வயர் தொங்குகிறதா என்று இடது கையால் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் சாவிக்குக் கையை நீட்டினார்.