பெர்மெத் கற்றுக்கொண்ட வீடு

செப்டம்பர் 14, ஞாயிறு

பெர்மெத்தும் அவள் தங்கை ஜாஸ்குலும் இன்று முதன்முறையாக என் வீட்டுக்கு வந்தார்கள். நான் வேலை பார்க்கும் பிள்ளைகள் காப்பகத்திலிருந்து நடத்தியே கூட்டி வந்தேன். பெரியவளிடம் டீ போடச் சொன்னேன். கெட்டிலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெந்நீரில் தூளைப் போட்டு ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிப்போனது.

“எஜே, இந்தத் தூள் கெட்டுப்போச்சு. இனிக்கவே இல்ல.”

காப்பகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் எஜே, பெரியக்கா. அங்கே டீ பெரிய பாத்திரத்தில் இனிப்போடுதான் வரும். சர்க்கரையைத் தனியாகப் போட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அங்கே சமையலறைக்குள் பிள்ளைகள் காலெடுத்து வைக்கக் கூடாது, சுகாதார விதி. பெர்மெத்துக்குப் பதினேழு வயது. பள்ளி முடிந்ததும் கோடையில் ஓர் அறையின் சாவியைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இயக்குநரிடம் கெஞ்சிக் கெஞ்சித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கினேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரித்தால் திரும்ப வர மாட்டாள் என்று பட்டது.

செப்டம்பர் 28

முட்டை அவித்தோம். பாதி உடைந்தது. உடைந்ததையெல்லாம் ஜாஸ்குல் தின்று தீர்த்தாள். ஒன்பது வயதுக்கு என்ன பசி!

அக்டோபர் 5

துணி துவைத்தோம். காப்பகத்தில் அழுக்குத் துணியை மூட்டையில் போட்டால் வேறு யாருடையதோ வெளுத்துத் திரும்பி வரும். பெர்மெத் தன் நீல ஸ்வெட்டரைத் தானே அலசிக் கொடியில் போட்டாள். போட்டுவிட்டு அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“யாரும் எடுத்துட மாட்டாங்கல்ல?”

“இங்க எடுக்க யாரு இருக்கா?”

“அப்ப அடுத்த வாரமும் இது எனக்குத்தானா?”

திரும்பிப் போகும் வழியில், தங்கை முன்னால் ஓடியபோது, மெல்லச் சொன்னாள்: “நான் போகும்போது ஜாஸ்குலையும் கூட்டிட்டுப் போகணும் எஜே. குழந்தைகள் நல அதிகாரியக் கேட்டேன். மொதல்ல நீ ஒரு வீட்ட நடத்திக் காட்டு, அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

அதற்காகத்தான் வருகிறாளா. எனக்காக வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

நல்ல பனி. முற்றத்துப் பனியில் கம்பளங்களைக் கவிழ்த்துப் போட்டு அடித்தோம். பெர்மெத் கோலை ஓங்கி அடிக்க, தூசி இறங்கிப் பனி சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குலிபா நின்றாள்.

“ஜிபார், சம்பளமில்லாத மருமக ஒருத்தி கெடச்சிட்டா போல. யோகக்காரிதான் நீ.”

நானும் சிரித்துவைத்தேன். பெர்மெத் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். 

நவம்பர் 9

வரவில்லை. இருவருமே.

நவம்பர் 12

குலிபா வாயத் தைக்கணும் —

இல்ல, அவ சொன்னதுல என்ன பொய்? என் கம்பளம், என் அடுப்பு. நான் சொல்றேன், அவ செய்யறா. அங்க மணி அடிச்சா எந்திரிக்கிறா, இங்க நான் வாயத் திறந்தா குனியறா. இதுல தனியா வாழறதுக்கு என்னத்தக் கத்துக்கிட்டா?

வேலை முடிந்ததும் காப்பக மாடிக்குப் போனேன். பெர்மெத் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“கோவமா?”

“கோவமில்ல எஜே. உங்க வீடு சுத்தமாச்சு. எனக்கென்ன ஆச்சு?”

 பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவள் போர்வை மேல் வைத்தேன்.

“ஞாயித்துக்கிழம நான் இருக்க மாட்டேன். அன்னைக்கு வீடு உன்னுது. மத்தியானம் விருந்தாளியா வர்றேன். எதச் செய்யறது, எத விடறது, எல்லாம் உன் இஷ்டம்.”

“ஏதாவது உடைஞ்சா?”

“உன் வீட்டுல உடைஞ்சதா ஆகும்.”

சாவியைத் தொடவில்லை. ஆனால் திருப்பியும் தரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலை முழுக்க என் தங்கை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். வேடிக்கைதான்.

பெர்மெத் திறந்தாள். தலையில் என் பழைய துணி. மூக்கில் மாவு.

“பூட்ஸ அங்கயே கழட்டுங்க எஜே. இப்பத்தான் தொடச்சேன்.”

அறையெல்லாம் தீய்ந்த வாசனை. என் பூப்போட்ட தட்டு இரண்டு துண்டாக ஜன்னலில் உட்கார்ந்திருந்தது. லக்மான் நூடுல்ஸ் செய்திருந்தாள். நீளநீளமாக இழுபட வேண்டிய மாவு ஒரே கட்டியாகியிருந்தது. கத்தியால் வெட்டித்தான் பரிமாறினாள். குழம்பு மட்டும் பரவாயில்லை.

ஜாஸ்குல் தன் கிண்ணத்தை உற்றுப் பார்த்தாள். “அக்கா, இது லக்மான் இல்ல. தலகாணி.”

பெர்மெத் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பல்லை இன்றுதான் பார்க்கிறேன். எழுந்து போய்க் கரண்டியை வாங்கிவிடலாமா என்று கை பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தேன். தலையணையில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

ஜனவரி 18

அடுப்பின் புகைக்குழாய் மூடியை நான் சொல்லுமுன் பெர்மெத்தே திறந்து பார்த்தாள். மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும். மூடி அடைத்திருந்தால் நிலக்கரிப் புகை ஆளையே கொன்றுவிடும், மன்னிக்காது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜூன் 20

பெர்மெத் இன்று தன் அறைக்குப் போய்விட்டாள். ரொட்டி சுடும் கடையில் வேலையும் கிடைத்திருக்கிறது. ஜாஸ்குல் காப்பக வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. “எப்ப?” என்று மட்டும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11

அதிகாரி அறையைப் பார்க்க வந்தார். பெர்மெத் வரச்சொன்னதால் நானும் போயிருந்தேன். ஓரமாக நின்றேன், பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. அலமாரியைத் திறந்தார். கட்டிலடியில் குனிந்து பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய் என்றார். எல்லாவற்றுக்கும் பெர்மெத் நிதானமாகப் பதில் சொன்னாள்.

“சரி, தெனமும் அவளுக்கு என்ன சமைப்ப?”

“என்ன வேணும்னு அவளக் கேப்பேன்.”

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார். முடிவு சொல்லவில்லை. படியிறங்கும்போது என்னிடம், “சின்னவளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் கிட்ட?” என்று கேட்டார்.

செப்டம்பர் 1

ஜாஸ்குல் அக்கா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனாள். தலையில் வெள்ளை ரிப்பன், ஒரு பக்கம் கோணல். பெர்மெத் கட்டியது.

அக்டோபர் 18, ஞாயிறு

முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஃபோன். அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு, சாயம் போன சட்டையை என்ன செய்ய, பால் பொங்கி அடுப்பில் ஊற்றிவிட்டதே. இந்த வாரம் ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. ஃபோன் கெட்டுவிட்டதா என்று என் தங்கையைக் கூப்பிட்டுப் பார்த்தேன். கெடவில்லை.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன்.

“என்னடி, எல்லாம் சரியா இருக்கா?”

“இருக்கு எஜே. கையெல்லாம் மாவு. அப்புறம் கூப்பிடறேன்.”

பின்னால் ஜாஸ்குலின் கத்தல்: “நேத்து நான்தான் பெருக்கினேன், இன்னைக்கு உன் முறை!”

இணைப்பு அறுந்தது. ஃபோனை மேசையில் வைத்தேன். அப்புறம் எழுந்து எனக்கு மட்டும் சூப் சுடவைத்தேன்.