பாதியில் நின்ற கயிறு இழுப்பு

அனுப்புநர்:
ஆ. மருதாம்பாள்,
(கணவர்: ஆறுச்சாமி),
பெட்டிக்கடை, பள்ளிக்கூட மேடு,
வெள்ளிக்கல் எஸ்டேட், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: அறிவியல் ஆசிரியை திருமதி ஜெஸிந்தாவை மீண்டும் ஏழாம் வகுப்புக்கு அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் பாலன் என் மகன். சென்ற மாதம் விசை பற்றிய பாடத்துக்காக ஜெஸிந்தா டீச்சர் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். மைதானம் என் கடைக்கு எதிரிலேயே இருப்பதால் நடந்ததை நேரில் பார்த்தேன்.

2. பையன்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமுமாகக் கயிறு இழுத்தார்கள். கயிறு அசையவில்லை. "அசையலைன்னா விசையே இல்லைன்னு அர்த்தமா?" என்று டீச்சர் கேட்டார். "இல்லீங் டீச்சர், ரெண்டு பக்கமும் சமமா இழுக்கறோம்" என்று வேலாமணி என்ற மாணவி மூச்சிரைக்கச் சொன்னாள். பிறகு பையன்களை மழையில் நனைந்த புல்லிலும் பெண்களைச் சரளைக்கல் தரையிலும் நிற்க வைத்தார். இம்முறை பையன்கள் கால் ஊன்ற முடியாமல் சறுக்கிக்கொண்டே போனார்கள். முன்னால் நின்ற என் மகன் விழுந்ததில் முழங்கை சிராய்த்தது. டீச்சரே கழுவி மருந்து போட்டுவிட்டார். வேறு காயம் எதுவும் இல்லை.

3. அன்று மாலையே என் கணவரின் அண்ணன் சுப்பண்ணன், "பொட்டப்புள்ளைககிட்ட நம்ம பையனைத் தோக்க வெச்சுட்டாங்க" என்று கோபப்பட்டு, எங்களைக் கேட்காமலே தலைமையாசிரியரிடம் புகார் கொடுத்துவிட்டார். மறுநாளே டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு மாற்றப்பட்டார். ஏழாம் வகுப்பில் இப்போது அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்.

4. "நான் பலத்துல தோக்கலீங் பெரீப்பா, புல்லுல பிடிமானம் இல்லீங்" என்று என் மகன் சொல்லிப் பார்த்தான். அவர் காதில் வாங்கவில்லை. வேலாமணியோ கடைக்கு வந்து, "நாங்க ஜெயிச்சது தப்புங்களா அக்கா?" என்று கேட்டாள். அன்றே தலைமையாசிரியரைப் பார்த்தேன். "மேலே இருந்து எழுத்துல உத்தரவு வந்தா மாத்திடறேனுங்க" என்றார். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

5. காயம்பட்ட பிள்ளையின் பெற்றோராகிய எங்களுக்கு டீச்சர் மீது எந்தக் குறையும் இல்லை. என் கணவரும் கீழே கையெழுத்திட்டுள்ளார். டீச்சரை ஏழாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பி, மீதிப் பாடத்தையும் மைதானத்திலேயே நடத்த அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த வகுப்பில் இரு அணியையும் இடம் மாற்றி இழுக்க வைப்பதாக டீச்சர் சொல்லியிருந்தாராம். சரளைக்கல்லில் நின்றும் தோற்றுவிட்டால் என்ன செய்வாய் என்று மகனைக் கேட்டேன். "அப்ப வேற ஏதோ காரணம் இருக்குதும்மா, கண்டுபிடிக்கோணும்" என்றான். அதைக் கண்டுபிடிக்க அவனுக்குத் தாங்கள் வழிசெய்து தர வேண்டும்.

இடம்: வெள்ளிக்கல் எஸ்டேட்
நாள்: 18.07.1994

இப்படிக்கு,
ஆ. மருதாம்பாள்
சம்மதத்துடன்: ஆறுச்சாமி