இடமில்லாத பேக்

மச்சான்,

உம்மா வீட்டுக்குப் போகிறேன். சட்டியில் மீன் ஆணம் இருக்கிறது. சாப்பிடாமல் கோமாரிக் கடற்கரையில் டென்ட் அடிக்கப் போக வேண்டாம். வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாவிடம் கொடுங்கள்.

ராத்திரி என்ன சொன்னீர்கள்? "இந்தச் சின்ன பேக்குக்குள்ள என்ட சாமானே அடங்குதில்ல, ஒன்ன எங்க வெக்கிற?" அதற்குப் பிறகு நான் உங்களோடு கதைக்கவே இல்லை. நீங்கள் குறட்டை விட்டதில் அது தெரிந்திருக்காது.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பேக்கைக் கொட்டி மறுபடி அடுக்கினேன். டென்டை உறையிலிருந்து எடுத்து அடியில் அமுக்கியிருக்கிறேன். தேயிலை, சீனி, நெருப்புப்பெட்டி எல்லாம் கேத்தலுக்குள். தலையணை வேண்டாம், அதன் உறைக்குள் நீங்கள் உடுக்கிற சாரனைத் திணித்தால் போதும். அப்படியும் மேலே இடம் மிஞ்சியது. அங்கே என் உடுப்பை வைத்துவிட்டேன்.

அசர் தொழுதுவிட்டு உம்மா வீட்டு வாசலில் நிற்பேன். பைக்கை மெதுவாக ஓட்டி வாருங்கள்.

ஷிப்னா

பேக்குக்குள் கோப்பை இரண்டு இருக்கிறது. ஒன்றை எடுத்து வெளியே வைக்க வேண்டாம்.

சொல்ல மறந்துவிட்டேன், டென்ட் கம்பிகள் என்னிடம் இருக்கின்றன. என்னை ஏற்றாமல் போனால் டென்டைப் போர்த்திக்கொண்டு படுங்கள்.